தமிழில் எழுதிய சமஸ்கிருதப் பரீட்சை

என் தங்கை சமஸ்கிருதப் பரீட்சையைத் தமிழில் எழுதினாள். அப்படி எழுதச் சொன்னது நான்தான். இதைக் கேட்டால் இன்றும் சிரிக்கிறவர்கள் உண்டு. நடந்தது முழுவதையும் எழுதிவிடுகிறேன். அதற்கப்புறமும் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளட்டும்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். கன்னட ஊரில் தமிழர்கள் நிறைய இருக்கிற ஒக்கலிபுரத்தில்தான் வீடு, அங்கேயே ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பு. பத்தாவது முடித்ததும் மைசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் சேர்ந்தேன். சட்டைக் காலர் தைக்கிற வேலை. அப்பா இல்லை. அம்மா ஓர் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தார். எனக்கு வாய் வராது. பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் அனுமதி கேட்பதற்குக்கூடப் பக்கத்து மிஷின்காரியைத்தான் அனுப்புவேன். ஒரு நாளைக்கு இரண்டு தடவை அவளும் திட்டிக்கொண்டே போய்க் கேட்பாள்.

தங்கை என்னைவிட ஒன்பது வயது சின்னவள். பி.யு.சி., அதாவது பன்னிரண்டாவது, பாஸ் செய்தாள். எங்கள் தெருவில் பெண்களில் அவள்தான் முதலில் பாஸ் செய்தவள். தொண்ணூற்று நான்கில் அரசாங்கக் கல்லூரியில் பி.காம். சேர இடம் கிடைத்தது. அட்மிஷன் அன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு நான் கூடப் போனேன்.

அங்கே ஒரு விதி. கணக்கோ வரலாறோ, என்ன பாடம் எடுத்தாலும் சரி, முதல் இரண்டு வருடம் இரண்டு மொழி படித்தே தீர வேண்டும். ஒன்று இங்கிலீஷ். இரண்டாவதை நாம் தேர்ந்தெடுக்கலாம். அந்த மார்க்கைப் பெரிதாக யாரும் பார்ப்பதில்லை என்று சொன்னார்கள். ஆனால் அதில் தேறாவிட்டால் மற்ற எல்லாவற்றிலும் நூறு வாங்கினாலும் பட்டம் கிடையாது. விண்ணப்பப் பாரத்தில் இரண்டாம் மொழி என்று போட்டு, எதிரே வரிசையாக அச்சடித்திருந்தது: கன்னடம், ஹிந்தி, சமஸ்கிருதம், தமிழ், தெலுங்கு, உருது. தங்கை தமிழுக்கு எதிரே டிக் போட்டு ஜன்னல் வழியாக நீட்டினாள்.

உள்ளே இருந்த கிளார்க் அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கன்னடக்காரர், ஆனால் தமிழ் நன்றாகப் பேசுவார்.

“தமிழுக்கு மேஷ்ட்ரு இல்லம்மா. ரெண்டு வருஷமா போஸ்ட் காலி. சமஸ்கிருதம் போடு. எல்லாரும் பாஸ் ஆவுற சப்ஜெக்ட்டு அது.”

தங்கை என்னைப் பார்த்தாள். ஆள் இல்லையென்றால் எதற்கு அச்சடித்தீர்கள் என்று கேட்க எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி. பின்னால் நின்றவர்கள் சீக்கிரம் சீக்கிரம் என்றார்கள். தமிழை அடித்துவிட்டுச் சமஸ்கிருதம் என்று எழுதினோம்.

கன்னடம் எடுத்திருக்கலாமே என்பார்கள். எங்களுக்குக் கன்னடம் பேச வரும், பஸ் போர்டு படிக்க வரும், சண்டை போடவும் வரும். ஆனால் பட்டப்படிப்பில் இருக்கிற கன்னடம் பழைய காவியக் கன்னடம். ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர்களே அதில் திணறுவார்கள்.

சமஸ்கிருத வகுப்புக்கு வந்தவர் நல்ல மனிதர். எழுத்து தெரியாதவர்களுக்கு இரண்டு மாதத்தில் எழுத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டார். பாட்டைச் சமஸ்கிருதத்தில் படிப்பார், கதையைக் கன்னடத்தில் சொல்வார். அந்த வகுப்பில் யாரும் சமஸ்கிருதத்தில் பதில் எழுதுவதில்லை. இந்த ஊரில் அதுதான் வழக்கம். மனப்பாடமாக இரண்டு சுலோகத்தை மட்டும் அந்த எழுத்தில் எழுதிவிட வேண்டும். மீதிக் கதை, கருத்து, குணநலன் எல்லாவற்றையும் கன்னடத்துப் பெண்கள் கன்னடத்தில் எழுதுவார்கள், கான்வென்டில் படித்தவர்கள் இங்கிலீஷில் எழுதுவார்கள். அதனால்தான் அது எல்லாரும் பாஸ் ஆகிற பாடம்.

தங்கைக்குக் கணக்குப் பாடங்களில் இங்கிலீஷ் தடையில்லை. அங்கே எண்கள்தான் அதிகம், நாலு வரி விளக்கத்தை உருப்போட்டுவிடுவாள். ஒரு ராஜா ஏன் மனம் மாறினான் என்று சொந்தமாக எழுது என்றால் அவளுக்குத் தமிழில்தான் வரும். அந்தக் கதையை ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சொன்னாள். நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். அவ்வளவு அழகாகச் சொன்னாள்.

“இத அப்டியே எழுதேன்டி” என்றேன்.

“தமிழ்லயா? ஒத்துக்குவாங்களா?”

“கன்னடத்துல எழுதினா அது சமஸ்கிருதம். இங்கிலீஷ்ல எழுதினா அதுவும் சமஸ்கிருதம். தமிழ்ல எழுதினா மட்டும் இன்னா வேற ஆயிடுமா?”

என் படிப்புக்கு எட்டிய நியாயம் அது. இத்தனை வருடம் கழித்தும் அதில் ஓட்டை எங்கே என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் பயந்தவள். முதலில் டெஸ்டில் எழுதிப் பார்க்கிறேன் என்றாள். வகுப்பு டெஸ்டில் சுலோகத்தை அந்த எழுத்திலும், மீதி மூன்று பக்கத்தைத் தமிழிலும் எழுதிக் கொடுத்தாள். திரும்பி வந்த பேப்பரில் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் டிக். மேலே இருபதுக்குப் பதினான்கு. அதற்கப்புறம் எங்களுக்கு என்ன சந்தேகம் வரும்? வருடப் பரீட்சையில் முப்பது பக்கம் எழுதிவிட்டு வந்தாள்.

முடிவு வந்தபோது போர்டில் அவள் நம்பர் இல்லை. பாஸ் வரிசையிலும் இல்லை, பெயில் வரிசையிலும் இல்லை. கீழே தனியாக ஒட்டியிருந்த காகிதத்தில் இருந்தது. முடிவு நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் என்று ஒரு பட்டியல். ஏழு பேர். ஆறு பேர் பையன்கள். பிட்டு வைத்து மாட்டியவர்கள்.

மறுநாள் இருவரும் அந்த ஜன்னலுக்குப் போனோம். கிளார்க் எங்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கடிதத்தைப் படித்துச் சொன்னார். அனுமதி இல்லாத மொழியில் எழுதியிருக்கிறாள். திருத்துகிறவருக்குத் தன்னை அடையாளம் காட்டிக்கொள்ளும் தந்திரமாக இருக்கலாம். இதை மால்பிராக்டிஸ் என்று ஏன் கொள்ளக்கூடாது என்பதற்கு விளக்கம் தர வேண்டும். அப்படி முடிவானால் சமஸ்கிருதத்தோடு நிற்காது என்று அவரே சொன்னார். அந்த வருடம் எழுதிய எல்லாப் பேப்பரும் ரத்தாகும். கணக்குப் பேப்பரில் அவள் வாங்கியிருந்த எண்பத்தாறும் சேர்த்து.

தங்கை அழ ஆரம்பித்தாள். கிளார்க் அவளைப் பார்த்துவிட்டு மேஜை டிராயரைத் திறந்தார்.

“இதுக்கு ஏன்மா அழுவற. லெட்டர் ரெடியா இருக்குது. பேரு, நம்பரு எழுதி சைன் போடு. பெரியவங்க மன்னிச்சு விட்டுடுவாங்க. அந்த ஒரு பேப்பர மட்டும் இங்கிலீஷ்ல திரும்ப எழுது, முடிஞ்சுது.”

டைப் அடித்து ஜெராக்ஸ் எடுத்து வைத்த கடிதம். அடியிலே ஒரு கட்டே இருந்தது. கன்னடத்தில் இருந்ததால் எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். பரீட்சையில் தெரிந்தே முறைகேடு செய்தேன், மனதார வருந்துகிறேன், மன்னிக்க வேண்டுகிறேன், இனி செய்யமாட்டேன். அந்த ஆறு பையன்களும் போட்ட கையெழுத்து இதில்தான். தங்கை பேனாவை எடுத்துவிட்டாள். பேர் எழுதுகிற இடத்தில் முதல் எழுத்தும் எழுதிவிட்டாள். நான் காகிதத்தை அவள் கைக்கு அடியிலிருந்து உருவினேன்.

“போடாத” என்றேன்.

கிளார்க் இதெல்லாம் ஒரு சம்பிரதாயம்மா, யாரும் படிக்கக்கூட மாட்டார்கள் என்றார். படிக்கமாட்டார்கள் என்றால் எதற்கு எழுத வேண்டும் என்று கேட்கும் அளவுக்கு எனக்கு அன்று வாய் இல்லை. காகிதத்தை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டேன்.

வெளியே வராந்தாவில் தங்கை என்னைப் பிடித்துக்கொண்டாள். போகிற வருகிறவர்கள் பார்க்கிறார்கள் என்ற நினைப்பும் இல்லை அவளுக்கு.

“உனக்கு இன்னாக்கா. நாளைக்கு நீ பாட்டுக்கு போயி உன் மிஷின்ல உக்காந்துடுவ. வருஷம் போறது எனக்கு.”

“திருடினேன்னு எழுதிக் குடுக்கறியா?”

“எழுதச் சொன்னதே நீதான? உன் பேச்ச கேட்டுத்தான நாசமா போனேன். இப்பவும் உன் பேச்சையே கேக்கணுமா?”

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. ஒக்கலிபுரம் ரயில் பாலம் வரைக்கும் எனக்கு முன்னால் பத்தடி தள்ளியே நடந்தாள். மூன்று நாள் பேசவில்லை. அம்மா என்னவென்று கேட்டார், சொன்னோம். போடச் சொல்லிவிடேன், பெரிய இடத்தோடு நமக்கு என்ன வம்பு என்றார். கம்பெனியில் பக்கத்து மிஷின்காரியும் அதையேதான் சொன்னாள். நான் அந்தக் காகிதத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. பிடிவாதம் என்றால் பிடிவாதம்தான். எங்கள் தெருப் பிள்ளைகள் என்றால் காப்பிதான் அடித்திருப்பார்கள் என்று நினைக்கப் பாதி ஊர் காத்துக்கொண்டிருக்கிறது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் அவர்களுக்கு வேலை சுலபம்.

நான்காம் நாள் காலை நான் டிபன் பாக்ஸ் மூடிக்கொண்டிருந்தபோது, தங்கை வந்து அதன் மேல் ஒரு பேப்பரை வைத்துவிட்டுப் போனாள். அந்த டெஸ்ட் பேப்பர். இருபதுக்குப் பதினான்கு. அன்று நான் வேலைக்குப் போகவில்லை.

பிரின்சிபால் அறையில் எங்கள் இருவரையும் நிற்க வைத்தார்கள். சமஸ்கிருத ஆசிரியரையும் கூப்பிட்டிருந்தார்கள். கிளார்க் ஃபைலோடு நின்றார். பிரின்சிபால் கன்னடத்தில் பேசினார், நானும் கன்னடத்தில்தான் பேசினேன். கேள்வித்தாளை என் பக்கம் திருப்பி உச்சியில் இருந்த இரண்டு வரியைக் காட்டி, இது இருக்கிறதே, உன் தங்கை படிக்கவில்லையா என்று கேட்டார். அந்த இரண்டு வரி சமஸ்கிருதத்தில் இருந்தது. என்ன போட்டிருக்கிறது என்று நான் கேட்டேன். ஆசிரியர் வாங்கிப் படித்துச் சொன்னார்: விடைகளைச் சமஸ்கிருதத்தில், அல்லது கன்னடத்தில், அல்லது ஆங்கிலத்தில் எழுதலாம்.

“இதை நீங்கள் வகுப்பில் சொன்னீர்களா சார்?” என்று கேட்டாள் தங்கை. அவ்வளவு மெல்லிய குரலில் கேட்டாள்.

அவர் எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்றார்.

நான் டெஸ்ட் பேப்பரைப் பிரித்து மேஜைமேல் வைத்தேன். இதுவும் தமிழ்தான் சார் என்றேன். போன வருடம் டெஸ்டில் எழுதினாள், பதினான்கு மார்க் வந்தது. தமிழில் எழுதக்கூடாது என்று அன்றைக்கே ஒரு வார்த்தை எழுதியிருந்தால் பரீட்சையில் எழுதியிருக்க மாட்டாள். திருத்துகிறவருக்கு அடையாளம் காட்டுகிற எண்ணம் இருந்தால் முன்னாலேயே உங்களுக்கு எழுதிக் காட்டியிருப்பாளா?

பிரின்சிபால் பேப்பரை எடுத்து மூன்று பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டு ஆசிரியரிடம் கொடுத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எங்களைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

“கையெழுத்து சுத்தமா இருந்துச்சும்மா.”

கிளார்க் ஃபைலால் வாயை மூடிக்கொண்டார். பிரின்சிபால் சிரிக்கவில்லை. அந்த ஆசிரியர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நாற்பது டெஸ்ட் பேப்பர், யார் படித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் படிக்காமல் டிக் போட்டவருக்கு ஒன்றுமில்லை, படித்து எழுதியவள் மட்டும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றால் அது எனக்கு ஒப்பவில்லை.

சரி, என்னதான் வேண்டும் என்று பிரின்சிபால் கேட்டார். ஒரு வருடம் முன்னால் அந்த ஜன்னலில் விழுங்கியதை அப்போதுதான் சொன்னேன். பாரத்தில் தமிழ் என்று அச்சடித்திருக்கிறது சார், அவளுக்கு அது வேண்டும். அவர் லெக்சரர் இல்லையே என்றார். நான் சொன்ன பதில் கன்னடத்தில் இப்படித்தான் இருந்தது: வாத்தியார் இல்லாதது காலேஜின் குறை. அவள் குறை இல்லை. மன்னிப்புக் கடிதம் யாராவது எழுத வேண்டுமென்றால் பல்கலைக்கழகத்துக்குக் காலேஜ் எழுதட்டும்.

கடைசி வாக்கியம் எப்படி வந்தது என்று இன்றும் எனக்கு ஆச்சரியம். வந்ததற்காக வருத்தமில்லை.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ நிலைமையைப் பட்டவர்த்தனமாகச் சொன்னார். டெஸ்ட் பேப்பரை இணைத்து, போதிய அறிவுறுத்தல் இல்லாததால் நேர்ந்தது என்று அவரே எழுதுவார். மால்பிராக்டிஸ் விலகும். அந்தப் பேப்பருக்குப் பூஜ்யம் பூஜ்யம்தான். மொழி மாற்ற அனுமதியும் கேட்கலாம். ஆனால் இதெல்லாம் போய்த் திரும்பி வருவதற்குள் இரண்டாம் வருட அட்மிஷன் முடிந்துவிடும். தமிழுக்கு வகுப்பு கிடையாது, தானே படித்து அடுத்த வருடப் பரீட்சையில் எழுத வேண்டும். அந்த டைப் அடித்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் இந்த மாதமே இரண்டாம் வருடத்தில் உட்காரலாம். இப்படிச் சொல்லிவிட்டு என்னை விட்டுத் தங்கையைக் கேட்டார், நீ சொல்லும்மா என்று.

நான் தரையைப் பார்த்தேன். அவள் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லியிருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன். வருடம் அவளுடையது.

“தமிழ் சார்” என்றாள்.

அனுமதி வர ஐந்து மாதம் ஆனது. வருடம் போனது. அவள் கூடப் படித்தவர்கள் இரண்டாம் வருடப் புத்தகத்தோடு எங்கள் தெரு வழியாகப் போகையில் அவள் என்னோடு கார்மெண்ட்ஸ் பஸ்ஸில் ஏறினாள். தைத்த சட்டையில் நூல் வெட்டுகிற வேலை. எங்களைப் பார்த்து, காலேஜ் எங்கம்மா போச்சு என்று கேட்டவர்களுக்கு அவளே பதில் சொன்னாள்: அங்கேயேதான் இருக்குது, நான் போவேன். காக்ஸ் டவுனில் ஒரு கிறிஸ்தவப் பெண் வேறு கல்லூரியில் தமிழ் எடுத்து முடித்திருந்தாள். அவளிடம் புத்தகங்களை வாங்கி வந்தோம். திறந்தால் எங்களுக்கே பாதி புரியவில்லை. ஒக்கலிபுரத்தில் பேசுகிற தமிழும் அந்தப் புத்தகத்துத் தமிழும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை போலிருந்தது. சமஸ்கிருதமே தேவலாம்போல இருக்குதே அக்கா என்றாள் ஒரு நாள். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு உரையைப் பார்த்து வரி வரியாகப் படித்தாள்.

மார்க்கைச் சொல்லிவிடுகிறேன். நாற்பத்து மூன்று. பாஸ் ஆவதற்கு முப்பத்தைந்து போதும். ஆனால் நான் சொல்ல நினைப்பது அந்தப் பரீட்சை நடந்த பிற்பகலைப் பற்றி.

ஒரு சனிக்கிழமை, இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை. அன்று அந்தக் கல்லூரியில் வேறு பரீட்சை இல்லை. நாற்பது பேர் உட்காரும் அறையில் ஒரே ஒரு டெஸ்கில் நம்பர் ஒட்டியிருந்தது. அவளுக்காகப் பல்கலைக்கழகத்திலிருந்து அரக்கு முத்திரை வைத்த உறை வந்திருந்தது, உள்ளே ஒரே கேள்வித்தாள். முத்திரை உடையாமல் இருந்தது என்று மாணவர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டுமாம். இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது? அவள் ஒரு கையெழுத்துப் போட்டாள், மற்ற இடத்தில் மேற்பார்வைக்கு வந்தவர் கோடு போட்டார். அவரைத் தவிர கிளார்க், ஓர் அட்டெண்டர், கேட்டில் வாட்ச்மேன். நான்கு பேர் அவளுக்காகக் காவல். நான் எதிர் வராந்தாவில் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்திருந்ததால் அவள் முதுகு தெரிந்தது.

மூன்றே முக்கால் மணிக்கு அவள் பேனாவை மூடி வைத்தாள். முதல் பக்கத்திலிருந்து ஒரு தடவை படித்தாள். பிறகு சும்மா இருந்தாள். மேற்பார்வைக்காரர் வெளியே வந்து கிளார்க்கிடம் ஏதோ சொன்னார். கிளார்க் என்னிடம் வந்தார்.

“முடிச்சிட்டா போல இருக்குதும்மா. பேப்பர குடுத்துட்டு வரச் சொல்லு. சனிக்கிழம, ஒருத்திக்காக நாலு பேரு உக்காந்திருக்கோம்.”

என் பழைய வியாதி வந்துவிட்டது. எழுந்து நின்றேன், வாய் திறக்கவில்லை. அவர் என்னை விட்டுவிட்டு அறை வாசலுக்குப் போய் அவளிடமே கேட்டார். முடிஞ்சுதாம்மா, குடுத்துடலாமா என்று. நல்லபடியாகத்தான் கேட்டார்.

“அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்குது சார்.”

“எழுதறது முடிஞ்சிடுச்சே?”

“யோசிக்கறேன் சார்.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் மறுபடி படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு எதிரே இருந்த கரும்பலகையைப் பார்த்தபடி இருந்தாள். நாலரைக்கு மேற்பார்வைக்காரர் ஒரு தடவை கொட்டாவி விட்டார். அவள் திரும்பவில்லை. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, இன்னும் பத்து நிமிடம்தான் என்று தெரிவிக்க ஒரு மணி அடிக்க வேண்டும். அட்டெண்டர் போய் அடித்தார். அந்தச் சத்தம் காலியான இரண்டு மாடியிலும் போய்த் திரும்பி வந்தது. அதற்கும் அவள் அசையவில்லை. ஐந்து மணிக்குக் கடைசி மணி அடித்தது. அப்போதுதான் எழுந்தாள். பேப்பரை நூலால் கட்டினாள், முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள், மேற்பார்வைக்காரர் கையில் கொடுத்தாள்.